கோதண்டத்துக்கு இரண்டு கார்டு

1

ஏழு வாரங்களுக்கு முன்பு தபாலில் ஒரு ஸ்டிக்கர் வந்தது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். நான் இருக்கும் கனடிய மாகாணத்தில் மருத்துவ கார்டைப் புதுப்பிக்கிற வேலை அந்த ஸ்டிக்கரோடு முடிந்துவிடுகிறது. பழைய கார்டின் மேல் ஒட்டிக்கொண்டால் போதும். இன்னும் சில வருஷங்களுக்கு என் நெஞ்சு, குடல், முழங்கால் எல்லாவற்றுக்கும் அரசாங்கம் பொறுப்பு. நான் மனுப் போடவில்லை. ஜெராக்ஸ் எடுக்கவில்லை. கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்கவில்லை. இவன் உயிரோடு இருக்கிறான், இங்கே குடியிருக்கிறான் என்று அவர்களே பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆரம்பாக்கத்தை விட்டு நான் கிளம்பிப் பன்னிரண்டு வருஷம் முடிந்த வாரம் அது. மனைவி கேசரி கிளறியிருந்தாள். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, கார்டை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு, ஸ்டிக்கரை உரிக்கப் போனேன். போன் அடித்தது. ஊரில் அப்போது சாயங்காலம். தம்பி மனைவி பவானி.

"மாமா, விரலு ஒத்துக்கலயாம். மிஷின் வேற ஆளுன்னு சொல்லுதாம். கோதண்டத்த கூப்டுனு வாங்க, அப்பதான் அட்மிஷன் போடுவோம்னு சொல்றாங்க."

கோதண்டம் நான்தான். அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி தசரதன்.

ஸ்டிக்கரை இன்றுவரை ஒட்டவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் சொருகி வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எரிகிறது.

2

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மற்றவர்கள் நம்பாமல் போகலாம்.

ஐ.டி.ஐ. முடித்து, பல இடங்களில் பட்டறை வேலை பார்த்துவிட்டு, அங்கே பழைய இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் ஆளாக மூன்று வருஷம் இருந்தேன். எங்களை வேலைக்கு அனுப்பியவர் பாலு. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். ஐந்து வருஷம் தொடர்ந்து வந்தவர்களை கம்பெனியே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு இருந்தது. யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் ஃபர்னேஸ் முன்னால் வெந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் எனக்கு வளைகுடாவில் வெல்டர் வேலைக்கு விசா வந்தது. விஷயம் தெரிந்ததும் பாலு வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நீ போற, நல்லாரு. உன் எடத்துக்கு தசரதன அனுப்பு. பேரு மட்டும் மாத்தாத. புதுப் பேரு போட்டா சர்வீஸு சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும். உன் மூணு வருஷம் வேஸ்ட்டு. கேட்டுல தலைய எண்றான், மூஞ்சியவா பாக்கறான்? பேரு இன்னாவா இருந்தா இன்னா, வேலைக்கு ஆளு வரணும், அவ்ளோதான்."

எங்களுக்கு அது பெரிய உபகாரமாகத் தெரிந்தது. அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். என் கேட் பாஸ், என் இ.எஸ்.ஐ. கார்டு, சம்பளம் விழும் என் ஏ.டி.எம். கார்டு, என் ஆதார் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். எங்கள் ஏரியாவில் இது வழக்கம்தான். அண்ணன் பாஸில் தம்பி போவான், மாமன் பாஸில் மச்சான் போவான். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. சைக்கிளை மாற்றி ஓட்டுவதுபோல ஒரு காரியம்.

அந்த ஐந்து வருஷம் முடிந்தது. நிரந்தரம் வரவில்லை. ஏழு முடிந்தது, ஒன்பது முடிந்தது. பாலு இரண்டு மாடி வீடு கட்டினார். நான் வளைகுடாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். தசரதன் தினமும் சூலூர்பேட்டை வண்டியில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கோதண்டம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான். டீக்கடையில் அவன் கோதண்டம். யூனியன் கூட்டத்தில் கோதண்டம். ஒருமுறை விடுமுறையில் போனபோது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் யாரோ "கோதண்டம்!" என்று கத்தினார்கள். நாங்கள் இருவரும் திரும்பினோம். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மாதாமாதம் அவன் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள். அவன் வியர்வைக்குப் பிடித்த காசு என் பெயரில் போய்ச் சேர்ந்தது.

3

எங்கள் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சுவலியில் போனார். வயலில் வரப்போரம் அண்டை வெட்டிக்கொண்டிருந்தவர் "கேஸு புடிச்சிக்கிச்சி" என்று சோடா வாங்கிக் குடித்தார். பாட்டில் காலியாகும் முன்பே முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் நெஞ்சுவலிக்கு வேறு பெயர் கிடையாது. கேஸ்தான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் எனக்கும் கேஸ் பிடித்தது. விவசாய இயந்திரம் செய்யும் கம்பெனியில் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். இடது தோளிலிருந்து தாடை வரைக்கும் யாரோ முறுக்குவதுபோல இருந்தது. கூட வேலை செய்யும் டக் என்பவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். அவசரப் பிரிவில் நர்ஸ் கேட்டதற்கு ஆங்கிலத்திலும் நான் நெஞ்சில் "கேஸ்" என்றே சொன்னேன். வெல்டர் என்று தெரிந்ததும் அந்தப் பெண் பதறிப்போய், எந்த கேஸ், எவ்வளவு நேரம் சுவாசித்தாய், இன்னும் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். டக்தான் நெஞ்சைத் தொட்டுக் காட்டி விளக்கினான்.

கார்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் காகிதம் கேட்கவில்லை. இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டக் கார் நிறுத்தியதற்குக் கட்டிய காசை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றான். செலவு என்று சொன்னால் அதுதான்.

கனடா சொர்க்கம் என்று கதை விட நான் இதை எழுதவில்லை. என் மகளுக்குக் காதுவலி வந்தபோது ஏழு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பல்லுக்கு நாமே கட்ட வேண்டும். குடும்ப டாக்டர் கிடைக்கப் பட்ட பாடு தனிக்கதை. டக்குக்கு முழங்கால் ஆபரேஷனுக்கு எட்டு மாதமாகக் காத்திருப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் அரசாங்கத்தைத் திட்டாத நாள் இல்லை. தனியார் ஆஸ்பத்திரிகளைத் திறந்துவிட வேண்டும், காசு உள்ளவன் முன்னால் போகட்டும், அப்போதுதான் வரிசை குறையும் என்பான். முன்பெல்லாம் நானும் தலையாட்டுவேன். இப்போது அவன் அதைச் சொன்னால் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுகிறேன். அவனுக்கு வரிசை நீளமாக இருக்கிறது என்று கோபம். வரிசையில் நிற்க அவனுக்குப் பெயர் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

4

தசரதனுக்கு வலி வந்தது பகல் ஷிப்டில். சுருண்டு உட்கார்ந்துவிட்டான். வியர்த்துக் கொட்டியிருக்கிறது. ஃபர்னேஸ் பக்கத்தில் யாருக்குத்தான் வியர்க்காது? பாலுவின் ஆள் ஒருவன் பைக்கில் ஏற்றி அருகில் இருந்த கிளினிக்கில் விட்டான். கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. இந்தமுறை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனான். அங்கே பல வருஷமாக என் கார்டில் காய்ச்சலுக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவன்தான். கார்டில் இருப்பது மங்கிப்போன சின்னப் படம். இருவருக்கும் ஒரே மூக்கு. அங்கிருந்த டாக்டர் நல்லவர். ஈ.சி.ஜி.யைப் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் விரல் வைக்கச் சொன்னார்கள். விரலுக்கு மூக்கைப் பற்றிக் கவலை இல்லை.

கவுண்டரில் இருந்த பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. அவள் தன் வேலையைச் செய்தாள். "கார்டுக்கு உரியவர் வரட்டும்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னாளாம். கார்டுக்கு உரியவன் உலகத்தின் மறுபக்கத்தில் ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு கேசரி தின்றுகொண்டிருந்தான்.

பவானியிடம் போனைத் தம்பிக்குக் கொடுக்கச் சொன்னேன்.

"உண்மையச் சொல்லிடுடா. பன்னெண்டு வருஷமா வேலை செஞ்சது நான்தான்னு சொல்லு."

"சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமா? ஆள்மாறாட்டக் கேசு. பாலு அண்ணன் உள்ள பூடுவாரு. என் வேலையும் பூடும்." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினான். பிறகு சொன்னான்: "உனுக்கும் பேஜாரு ஆயிடும்ணா. நீ வேற அங்க சிட்டிசனுக்கு எழுதிப் போட்டுக்கீற. இதுல உன் பேரு மாட்டிக்கிச்சின்னா அத்த நிறுத்திட்டாங்கன்னா?"

நெஞ்சில் மூன்று அடைப்போடு உட்கார்ந்திருப்பவன் என் குடியுரிமை மனுவைப் பற்றிக் கவலைப்பட்டான். இதில் கேவலமான விஷயம் ஒன்று உண்டு. அவன் அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. "சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் மகள் கீர்த்திக்குப் பதினாலு வயது. வீடியோவில் சித்தப்பா வந்தால் "ஹாய்" சொல்லிவிட்டு ஓடிவிடுகிறவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதையும் கதவைச் சாத்திக்கொண்டே சொல்வாள். சித்தப்பா முகமே அவளுக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அன்றைக்கு நான் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் கேட்டிருக்கிறாள். ஃபிரிட்ஜைத் திறக்க வந்தவள் ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"ஸோ, அப்பாக்கு ரெண்டு கார்டு. சித்தப்பாக்கு ஜீரோ."

"அது அப்படி இல்லம்மா, அங்க சிஸ்டம் வேற" என்று ஆரம்பித்தேன்.

"கார்டு இல்லன்னா இப்ப அவர எங்கயும் பாக்க மாட்டாங்களா?"

பார்ப்பார்கள். பார்க்கிற இடம் ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும். நான்தான் அங்கே போகவிடவில்லை.

5

சென்னையில் அரசுப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயில் ஏறினால் போய்விடலாம். இதய ஆபரேஷன் அங்கே நடக்கிறது, காசு வாங்குவதில்லை. பவானி முதல் நாளே அதைத்தான் சொன்னாள்.

"தர்மாஸ்பத்திரிக்கா? வேணாம். என் தம்பிய அங்க வராண்டாவுல போட மாட்டேன். ஹைவேஸ் மேல புதுசா ஒண்ணு இருக்குதே, அங்க கூட்டிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நான்.

யோசித்துப் பாருங்கள். இங்கே நான் படுத்தது எந்த ஆஸ்பத்திரி? அரசாங்க ஆஸ்பத்திரி. எனக்கு ஸ்டென்ட் வைத்தது யார் காசு? எல்லோருடைய வரிப்பணம். அதைப் பெருமையாக ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதே காரியத்தைச் சொந்த ஊரில் என் தம்பி செய்தால் எனக்கு மானம் போய்விடுமாம். கனடாவில் அண்ணன் இருக்கிறவன் தர்மாஸ்பத்திரியில் படுக்கலாமா? ஊர் என்ன சொல்லும்? என் வறட்டுக் கௌரவத்துக்கு அவன் நெஞ்சில் இடம் தேடினேன்.

ஹைவேஸ் மேல் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கட்டடத்தில் அவனை ராஜா மாதிரிதான் வரவேற்றார்கள். சக்கர நாற்காலி, வாசனை, ஏ.சி. முதலில் பணம் கட்டுகிற கவுண்டர், அப்புறம் டாக்டர். ஆஞ்சியோ எடுத்துவிட்டு மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும், இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்றார்கள். ஒரு பேக்கேஜ் சொன்னார்கள். மறுநாள் அந்தப் பேக்கேஜில் இது வராது, அது வராது என்றார்கள். மூன்றாம் நாள் வேறு தொகை. பருத்தி மூட்டைக்குக்கூட ஒரு விலை சொன்னால் சாயங்காலம் வரைக்கும் நிற்கும். மனுஷன் நெஞ்சுக்கு நிற்கவில்லை.

நான் அனுப்ப முடிந்ததை அனுப்பினேன். ஆபரேஷனுக்கு முன்பே அது கரைந்தது. மீதிக்கு இருந்தது அப்பாவின் நிலம் மட்டும்தான். சுற்றிலும் கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போட்டுவிட்டார்கள். எங்களுடையதைக் கேட்டு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வித்துவிடலாம் என்றேன். அதற்குப் பவானி சொன்ன பதில்:

"நெலத்த வித்து நெஞ்ச வாங்கிட்டு, அப்பால இன்னாத்த துன்றது மாமா? எனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது. நீங்க அனுப்புனதுக்கு கும்புடு. இனிமே நான் சொல்றத கேளுங்க."

அவள் அவனை டிஸ்சார்ஜ் செய்யக் கேட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், வழியில் ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பவானி எழுதிக் கொடுத்தாள். அங்கேயும் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று என் கார்டைக் காட்டியிருந்ததால், அந்தக் காகிதத்திலும் நோயாளியின் பெயர் கோதண்டம். வழியில் அவன் செத்திருந்தால் காகிதப்படி செத்தவன் நான். அவள் தாலி அறுத்திருப்பாள். ஆனால் எந்த ஆபீஸிலும் அவள் விதவை இல்லை.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அந்த வாரம் பார்த்து அதில் விவாதம். எல்லோருக்கும் அரசாங்கமே மருத்துவம் கொடுக்கலாமா? பெரியப்பா மகன் ஒருவர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கடைசி மாத்திரை வரைக்கும் அரசாங்கம் கொடுக்கிறது, அவர் எழுதுகிறார்: "எல்லாம் இலவசம்னா எவன் உழைப்பான்?" அதற்குப் பத்துப் பேர் கைதட்டியிருந்தார்கள். டக்கின் குரல்தான். வேறு தட்பவெப்பம், அதே பேச்சு.

எவன் உழைப்பான் என்று கேட்கிறீர்களே, அண்ணா. ஃபர்னேஸ் முன்னால் பன்னிரண்டு வருஷம் நின்றவன் உழைக்கவில்லையா? அவனிடம் மாதாமாதம் பிடித்ததற்குப் பெயர் இலவசமா? நெஞ்சுவலி வந்தவனிடம் நீ எந்தக் கம்பெனி, எந்தக் காண்டிராக்டர், உன் விரல் யாருடையது, உன் சம்பளம் வறுமைக் கோட்டுக்கு மேலா கீழா என்று கேட்டுப் பிரித்துப் பிரித்து வைத்தது யார்? கோட்டுக்குக் கீழே இருந்தால் ஒரு கார்டு, கம்பெனி கேட்டுக்குள்ளே போனால் ஒரு கார்டு, இரண்டுக்கும் நடுவில் விழுந்தவனுக்குக் கண்ணாடிக் கட்டடம். நெஞ்சு ஒன்றுதானே. அதற்கு எதற்கு இத்தனை வாசல்? இதையெல்லாம் குரூப்பில் எழுதினேன். தனிப்பட்ட விஷயத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்று அட்மின் அழித்துவிட்டார்.

6

பவானி அவனைக் காலை ரயிலில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனாள். பெண்கள் பெட்டிதான், ஆனாலும் யாரோ எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தார்களாம்.

அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கும்போது பிளாஸ்டிக் கவரைப் பிரித்து என் கார்டு, என் ஆதார் எல்லாவற்றையும் கையில் எடுத்து வைத்திருக்கிறாள். சீட்டு எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேர், வயசு, ஊர் என்று மூன்று வார்த்தைதான் கேட்டார்.

"கார்டே கேக்கல மாமா" என்றாள் போனில். அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. இவ்வளவு நாள் அந்தக் கவரைச் சுமந்தவள் அல்லவா. "நான் தசரதன்னு சொன்னேன். எய்தி குடுத்துட்டாரு."

அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். தசரதன், நாற்பத்துமூன்று, ஆரம்பாக்கம். என் தம்பியின் பெயரைக் காகிதத்தில் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் என்றால் கூட்டம். அங்கேயும் வரிசைதான். சீட்டெல்லாம் டாக்டர் மேஜைக்குப் போய்விட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றார்கள். பவானி எக்ஸ்ரே விஷயமாக வேறு பக்கம் போயிருந்தாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பி வந்தபோது மதியம் தாண்டியிருந்தது, மற்ற பெஞ்செல்லாம் காலி, டாக்டர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். இவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான்.

நர்ஸிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். நர்ஸ் சொன்னாராம், தசரதன் தசரதன்னு மூணு தடவ கூப்பிட்டேன், ஆளே எழுந்து வரல, இனிமே அடுத்த ஓ.பி. நாள்தான்.

அன்றைக்குத்தான் பவானி முதல்முறையாக என்னிடம் கத்தினாள். "மூணு வாட்டி மாமா. பக்கத்துலயே உக்காந்துனு இருந்துக்குது. காது நல்லாத்தான் கேக்குது. எய்ந்துக்கவே இல்ல." பிறகு போனை அவனிடம் திணித்தாள்.

"இன்னாடா ஆச்சு?" என்றேன்.

"கோதண்டம்னு கூப்புடுவாங்கன்னு காத தீட்டிக்கினு உக்காந்துனு இருந்தேன்ணா" என்றான். "தசரதன்னு கூப்ட்டது கேட்டுச்சி. யாரோன்னு நெனச்சிக்கினேன்."

நான் வேலைக்குப் போகவில்லை அன்றைக்கு. காரிலேயே உட்கார்ந்து அழுதேன். கீர்த்தி வந்து கண்ணாடியைத் தட்டி என்ன ஆச்சு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் சொன்னேன். முழுவதும் கேட்டாள், கதவைச் சாத்தவில்லை.

அடுத்த ஓ.பி. நாளில் பவானி அவன் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. பெயர் வந்ததும் முதுகில் தள்ளி எழுப்பினாளாம். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ஆபரேஷனும் நடந்துவிட்டது. யாரும் ஒரு காகிதம் கேட்கவில்லை. வார்டில் இரண்டு பேருக்கு ஒரு ஃபேன், கழிவறை பற்றிப் பவானி சொல்வதை எழுத முடியாது. ஆனால் பிழைத்துவிட்டான். டாக்டர் ஒன்று மட்டும் சொன்னார். முதல் வலி வந்த உடனே வந்திருக்க வேண்டும், இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி இவர் சூட்டில் நிற்கவோ பாரம் தூக்கவோ கூடாது. நடுவில் போன அந்த நாட்களில் பாதியைக் கொண்டுபோனது என் பெயர். மீதியைக் கொண்டுபோனது என் மானம்.

7

இனி அவன் வேலைக்குப் போக முடியாது. காண்டிராக்டில் இருந்தாலும் பன்னிரண்டு வருஷத்துக்கு அவனுக்குச் சேர வேண்டியது இருக்கிறது. நோயில் படுத்தவனுக்கு இ.எஸ்.ஐ.யில் கிடைக்க வேண்டியதும் இருக்கிறது. எல்லாம் கோதண்டத்துக்குச் சேரும். அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நடந்ததை நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, சம்பந்தப்பட்ட ஆபீஸ்களுக்கு அனுப்புவது. போலீஸ் கேஸ் வந்தால் வரட்டும். குடியுரிமை நின்றால் நிற்கட்டும். மனைவி குடியுரிமை மனுவின் நகலை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு "எழுதுங்க" என்றாள்.

அனுப்பும் முன் பாலுவிடம் சொல்லிவிடுவது முறை என்று போன் போட்டேன். அந்த ஆள்மீது எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் இத்தனை வருஷப் பழக்கம். தசரதன் நிலைமையைச் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டினார். ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வேலைக்கு இனி அவன் வரமாட்டான் என்றேன்.

"அத்தப் பத்தி நீ கவலையே படாத கோதண்டம்" என்றார். குரலில் உண்மையாகவே ஆதரவு இருந்தது. "உன் பேரு எங்கயும் போவல. ஆளு போட்டாச்சி. வடக்கத்திக்காரன் ஒருத்தன். போன மாசத்துலேர்ந்து வந்துக்கினுகீறான். நல்லா வேல செய்யறான்."

"எந்தப் பேர்ல வரான்?"

"உன் பேர்லதான். பதினஞ்சு வருஷ சர்வீஸ விடச் சொல்றியா?"

தம்பி பெஞ்சில் உட்கார்ந்து கோதண்டம் என்ற பெயருக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த அதே நாளில், கோதண்டம் ஷிப்டுக்குப் போயிருக்கிறான். சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். அவனும் எங்கோ ஓர் ஊரில் யாருக்கோ தம்பி.

"அவன் சொந்தப் பேரு என்ன?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கலப்பா" என்றார் பாலு.

கடிதத்தை அன்றே முடித்தேன். மூன்று பக்கம் வந்தது. என் பிறந்த தேதி, தம்பியின் பிறந்த தேதி, நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள், பாலு வீட்டுக்கு வந்து பேசியது, எல்லாம் இருக்கிறது. கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்து இப்படி வைத்தேன்: "அந்தக் கார்டில் உள்ள முதல் மூன்று வருஷம் மட்டும் என்னுடையது. அடுத்த பன்னிரண்டு வருஷம் என் தம்பி தசரதனுடையது. இன்றைக்கு அந்தப் பெயரில் ஃபர்னேஸ் முன்னால் நிற்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு நெஞ்சு வலிப்பதற்கு முன்னால் யாராவது போய் அவர் பெயரைக் கேளுங்கள்."